அலமாரிச் சாவியை வெளியே எடுங்கள்: மலையகப் பாடசாலை அதிபர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலையகத் தமிழ்ப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும், பாண்ட் வாத்தியக் குழுவைப் பொறுப்பெடுத்து நடத்தும் சேர்மாருக்கும் டீச்சர்மாருக்கும் வணக்கம்.

இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்த மறுநாள் உங்கள் பாடசாலையின் கிளாரினெட்டுகள் எங்கே போகின்றன? ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் எனக்குத் தெரிந்த பல இடங்களில் நடப்பது ஒன்றுதான். பிரதம அதிதியை வரவேற்று, அணிவகுப்புக்கு ஊதி முடிந்ததும் வாத்தியங்களை எண்ணி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள், சாவி அலுவலகத்துக்குப் போய்விடுகிறது, அடுத்த போட்டிக்கு ஒத்திகை தொடங்கும்வரை யாரும் தொடுவதில்லை. களவு போனால் யார் பொறுப்பு, உடைந்தால் கணக்காய்வில் யார் பதில் சொல்வது என்ற உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பூட்டிவைத்தாலும் அது பழுதாகத்தான் செய்கிறது. நம்முடைய மழைக்கும் பனிக்கும் துளைகளை மூடுகிற பேட்கள் ஊதிப்போகும், பூஞ்சணம் பிடிக்கும். இது வாத்தியத்தின் சேதம் மட்டும். பிள்ளையின் சேதம் இதைவிடப் பெரியது.

பென்னி குட்மன் என்ற கிளாரினெட் கலைஞரைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1909இல் சிக்காகோவில் பிறந்தவர். ரஷ்யப் பேரரசிலிருந்து பிழைப்புத் தேடிப்போன யூதக் குடும்பம், 12 பிள்ளைகளில் 9ஆவது ஆள். அப்பா தையல் வேலையும் இறைச்சித் தொழிற்சாலையில் கொழுப்பு அள்ளிக்கொட்டும் வேலையும் செய்தவர். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வீட்டை நான் விளக்கத் தேவையில்லை. வாத்தியம் வாங்க அங்கே ஏது காசு? பக்கத்திலிருந்த யூதத் தொழுகைக்கூடம்தான் வாத்தியத்தை இரவலாகக் கொடுத்துப் பாடமும் சொல்லிக்கொடுத்தது. உயரமான அண்ணனுக்கு டியூபா, இன்னொருவருக்கு ட்ரம்பெட், மூவரிலும் சின்னவனான பென்னிக்குக் கிளாரினெட். அப்புறம் ஹல் ஹவுஸ் என்ற சமூக நிலையத்தின் சிறுவர் பாண்ட் குழு, பிரான்ஸ் ஷெப் என்ற ஜெர்மானிய ஆசிரியரிடம் முறையான பயிற்சி. நிறவெறி உச்சத்தில் இருந்த அந்தக் காலத்தில் கறுப்பின மாணவர்களையும் வெள்ளை மாணவர்களையும் ஒன்றாக உட்காரவைத்து ஊதவிட்ட ஆசிரியர் அவர். பின்னாளில் கறுப்பினக் கலைஞர்களான டெடி வில்சனையும் லயனல் ஹாம்ப்டனையும் தன் குழுவில் பக்கத்திலேயே வைத்து ரசிகர்கள் முன்னால் வாசித்தாரே குட்மன், அதன் விதை அந்த வகுப்பறையில்தான் விழுந்தது என்று நான் நம்புகிறேன்.

16 வயதில் தொழில்முறைக் குழுவில் சேர்ந்தார். 1935இல் அமெரிக்க இளைஞர்கள் அவருடைய ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசைக்குப் பைத்தியமானார்கள். அன்றைய பொப் இசையே அதுதான், நமக்குப் பைலாவும் மனோகரனின் பொப்பும் எப்படியோ அப்படி. 1938 ஜனவரி 16 அன்று, சாஸ்திரிய இசைக்கே உரியது என்று நினைத்திருந்த நியூயோர்க்கின் கார்னகி ஹோல் மேடையில் ஜாஸ் வாசித்தார். அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவுத் தட்டுகள் அவருடைய வீட்டு அலமாரியிலேயே கிடந்து, 1950இல்தான் இசைத்தட்டாக வெளிவந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றன.

அதே 1938இல் புடாபெஸ்ட் என்ற தந்திவாத்திய நால்வர் குழுவோடு, மோட்சார்ட்டின் கிளாரினெட் குயின்டெட் என்ற ஐவர் வாசிக்கும் சாஸ்திரியப் படைப்பையும் அவர் பதிவுசெய்தார். இதை யோசித்துப் பாருங்கள், நடன மண்டபத்தில் கூட்டத்தை ஆடவைத்த அதே கையும் அதே மூச்சும்! ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கிடம் காசு கொடுத்து ஒரு படைப்பு எழுதவைத்து, 1940இல் அந்த பார்டோக்கே பியானோ வாசிக்க, சிகெட்டி வயலின் வாசிக்க அதைப் பதிவுசெய்தார். அமெரிக்க இசையமைப்பாளர் கோப்லாண்டை எழுதவைத்த கொன்செர்ட்டோ, அதாவது தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, 1950இல் அரங்கேறியது. எனக்கு இவையெல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது வேறொன்று. நாற்பது வயதில், உலகமே தெரிந்த ஆளாக இருந்தபோது, ரெஜினல்ட் கெல் என்ற ஆங்கிலேயரிடம் மாணவனாகப் போய், மவுத்பீஸை வாயில் பிடிக்கும் முறையையே மாற்றிக்கொண்டார். வருடக்கணக்காகப் பழகிய உதட்டை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது ஊதுகிறவனுக்குத்தான் தெரியும்.

சரி, அது அமெரிக்கா என்பீர்கள். திருச்சி ஏ.கே.சி. நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். சதிர் என்ற பழைய நடனக் கச்சேரியில் பக்கவாத்தியமாக ஒலித்துவந்த கிளாரினெட்டைக் கர்நாடக சங்கீதத்தின் தனிக் கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்தியவர் அவர். நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையே அவரை ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்று அழைத்தார். 2008இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. துளைகளை மூடித் திறக்கும் உலோகச் சாவிகள் நிறைந்த மேலைநாட்டுக் குழலில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைப்பது, எப்படி வருகிறது என்றால், விரலைத் துளையிலிருந்து மெதுவாக நகர்த்தி, உதட்டின் அழுத்தத்தைத் தளர்த்தி இறுக்கி வருகிறது. ஜாஸ்காரர்கள் சுரத்தை வழுக்கிக்கொண்டுபோவதும் கிட்டத்தட்ட இதே வித்தைதான்.

ஆனால் நம் பாடசாலையில் நடப்பது என்ன? சாதாரண தரத்துக்குக் கர்நாடக சங்கீதம் எடுத்த பிள்ளை பாட்டு வகுப்பில் இருக்கிறது, பாண்ட் குழுப் பிள்ளை மைதானத்தில் நாலைந்து அணிவகுப்பு மெட்டையே திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருக்கிறது. தான் கையில் வைத்திருக்கிற குழலில் மோகன ராகமும் வரும், மோட்சார்ட்டும் வரும், சினிமாப் பாட்டும் வரும் என்று அந்தப் பிள்ளைக்கு யாருமே சொல்லவில்லை. எப்படித் தெரியும்?

அதனால் கேட்கிறேன். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளாரினெட்டை வார இறுதியில் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். முடியாவிட்டால் பாடசாலை விட்டபின் ஒரு மணித்தியாலம் அறையைத் திறந்துவையுங்கள். ஊதி முடித்ததும் உள்ளே துணிவிட்டு ஈரத்தைத் துடைக்கவும், மவுத்பீஸில் அதிர்ந்து ஒலி தரும் நாணல் தகடான ரீட்டைக் கழற்றிக் காயவைக்கவும், குளிர்ந்த குழலில் சுருதி இறங்கும் என்பதால் முதலில் மெதுவாக ஊதிச் சூடாக்கவும் பழக்குங்கள். வாரத்தில் ஒரு பாடவேளை குட்மனையும் ஏ.கே.சி.யையும் கேட்கவையுங்கள், ஒரு போனும் ஸ்பீக்கரும் போதும். பரிசளிப்பு விழாவில் ஒரு பிள்ளை தனியாக நின்று ஐந்து நிமிடம், தனக்குப் பிடித்ததை ஊதட்டும்.

ரீட் வாங்கப் பணமில்லை என்றால் பழைய மாணவர் சங்கத்திடம் கேளுங்கள், கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைக்கிற நம் பிள்ளைகள் தருவார்கள். பேட் மாற்றத் தெரிந்த, கோவில்களிலும் தேவாலயங்களிலும் ஊதிய பெரியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், மரியாதையோடு கூப்பிட்டால் வருவார்கள். சுற்றறிக்கை வரும்வரை இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை, இந்தத் தவணையிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
கிளாரினெட் ஊதும் ஒரு பழைய மாணவன், ஹட்டன்