பெயருக்கு வெள்ளையடிக்க வேண்டாம்: கடலூர் மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர், துணை மேயர், ஆணையர், 45 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கொஞ்ச காலமாக ஊரில் நாலு பேர் கூடினால் இதே பேச்சாக இருக்கிறது. கடலூருக்கு ஏன் இந்தக் கெட்ட பெயர், அதை எப்படிப் போக்குவது? சில்வர் பீச்சுக்கு நடக்க வருகிறவர்கள் பேசுகிறார்கள், லாரன்ஸ் ரோட்டுக் கடைக்காரர்கள் பேசுகிறார்கள், கல்யாணப் பந்தியிலும் பேச்சு இதில்தான் வந்து நிற்கிறது. பெரியவர்கள் சிலர், "நம்ம ஊரை நாமே குறை சொல்றதாலதான் இப்படி, முதல்ல அதை நிறுத்துங்க" என்கிறார்கள். படித்து முடித்த பிள்ளைகளோ, "இங்க இருந்து என்ன பண்றது, பாண்டிக்கோ சென்னைக்கோ கிளம்ப வேண்டியதுதான்" என்கிறார்கள். இன்னொரு தரப்பு, ஊர் நடுவில் வண்ண விளக்கும் நீரூற்றும், ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள ஓர் இடமும் வந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புகிறது. இந்த மூன்றில் எதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஊர் நடுவைப் புதுப்பிப்பது பற்றி நீங்கள் முடிவெடுக்கும் முன் என் பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கெட்ட பெயர் என்று எதைச் சொல்கிறார்கள் என்று பார்ப்போம். வெளியூரில் கடலூர் என்றதும் புயல், வெள்ளம், சிப்காட் நாற்றம், மத்தியச் சிறை, ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பிடிபடும் பாண்டிச் சரக்கு, இவைதான் நினைவுக்கு வருகின்றன. சிறைக்காக நாம் தலைகுனிய எதுவும் இல்லை. 1918-ல் புதுச்சேரியை விட்டு வந்த பாரதியை அடைத்து வைத்தது கடலூர் சிறையில்தான். சாவடிச் செய்தி எல்லை ஊர் எதற்கும் உள்ளது, அதை விட்டுவிடலாம்.

புயலையும் நாம் வரவழைக்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்த மாவட்டம் 600-க்கும் மேற்பட்டவர்களை இழந்தது. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோதிக்குப்பம் பக்கம் அந்த நாளைப் பற்றிக் கேட்டால் இன்றும் குரல் மாறிவிடும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறி, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015-ல் பெருவெள்ளம். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் இறங்கி, குண்டு உப்பலவாடி, தாழங்குடா பக்கம் வீடுகளைச் சூழ்ந்தது. கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேருகிற ஊரில் தண்ணீர் வரத்தான் செய்யும். ஆனால் வந்த தண்ணீர் எத்தனை நாள் தெருவில் நிற்கிறது என்பது நம் கையில் இருக்கிறது. வடிகால் தூர் வாரப்பட்டதா, வாய்க்கால் ஆற்றில் சேரும் இடம் திறந்திருக்கிறதா என்பதில் அது இருக்கிறது. தொலைக்காட்சியில் வரும் படம் புயலின் படம் மாதிரி தெரிந்தாலும், பாதி நேரம் அது வடியாத தண்ணீரின் படம்தான்.

சிப்காட் தொழிற்பேட்டை விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது அங்கே புகார் சொன்னவர்கள்தான் என்று சிலர் பேசுவதைக் கேட்கும்போது மனம் பொறுக்கவில்லை. குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் போன்ற கிராமங்களில் ராத்திரி ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் அவர்கள். அழுகிய முட்டை நாற்றம், நெயில் பாலிஷ் நாற்றம் என்று மூக்கால் அடையாளம் சொன்னால் யாரும் நம்பவில்லை. அதனால் 2004-ல், ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பையைப் பொருத்தி, அவர்களே காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நச்சு வாயுக்கள் இருப்பது அதில் தெரிந்தது. அப்புறம் 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்கத் தொழில் பகுதிகளுக்கு மாசுக் குறியீடு போட்டபோது, 70-க்கு மேல் போய், மிக மோசமாக மாசுபட்டவை என்று குறிக்கப்பட்ட 43 இடங்களில் கடலூரும் ஒன்று. நம் எண் 77.45. அந்தப் பட்டியலில் இருந்த ஊர்களில் புது ஆலைகளுக்கு 2010 ஜனவரியில் மத்திய அரசு தற்காலிகத் தடையும் போட்டது. அந்த வாளியைத் தூக்கிப் பிடித்தவர்கள் இல்லையென்றால் இந்த ஊரின் காற்றைப் பற்றி நமக்கே தெரிந்திருக்காது. ஊரின் பெயரைக் காப்பாற்றியவர்கள் என்று நான் அவர்களைத்தான் சொல்வேன்.

ஆலைகளைக் கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை, மாநகராட்சியின் வேலை இல்லை என்பது தெரியும். ஆனாலும் உங்களால் ஒன்று செய்ய முடியும். காற்றின் தர அளவை பேருந்து நிலையத்திலும் மஞ்சக்குப்பத்திலும் முதுநகரிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி தினமும் காட்டச் சொல்லி வாரியத்திடம் கேளுங்கள். அளவு நன்றாக இருந்தால் அதுவே ஊருக்கு நற்சான்று. மோசமாக இருந்தால் நாம் எல்லோரும் சேர்ந்து கேட்கலாம். மறைத்து வைத்த ஊரை யாரும் நம்ப மாட்டார்கள்.

சரி, ஊர் நடுவுக்கு வருகிறேன். வெளியூர்க்காரர் கடலூர் டவுன் எது என்று கேட்டால் நாம் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வோம். திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், முதுநகர், தேவனாம்பட்டினம் என்று பல ஊர்கள் சேர்ந்த ஊர் இது. ஆனாலும் நெல்லிக்குப்பத்திலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்களுக்கு டவுன் என்றால் திருப்பாதிரிப்புலியூர்தான். பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் பக்கம் பக்கம். இறங்கி நடந்தால் லாரன்ஸ் ரோட்டுக் கடைகள், இன்னும் கொஞ்சம் நடந்தால் பாடலீஸ்வரர் கோயில். கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரையேறிய ஊர் என்று தேடி வருகிறவர்களும் இந்த வழியாகத்தான் போகிறார்கள். ரயில், பஸ், கடைவீதி, கோயில் நான்கும் நடக்கிற தூரத்தில் அமைந்த டவுன் இது. பெரிய ஊர்கள் கோடிக்கணக்கில் செலவழித்து உண்டாக்கப் பார்ப்பது இங்கே தானாகவே அமைந்திருக்கிறது.

அதனால்தான் நகருக்கு வெளியே எம்.புதூர் பக்கம் புதிய பேருந்து நிலையம் என்ற பேச்சு வந்தபோது ஊரில் இத்தனை எதிர்ப்பு கிளம்பியது. இருக்கிற நிலையம் நெரிசல்தான், மறுக்கவில்லை. சென்னை, கும்பகோணம் போகும் நெடுந்தூர வண்டிகள் நகருக்கு வெளியே நின்று போவதில் ஒரு நியாயம்கூட உண்டு. ஆனால் மருந்து வாங்கவும், கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கவும், கோர்ட்டுக்கும் வருகிற கிராமத்து ஜனங்களை அங்கே இறக்கிவிட்டால், இன்னொரு பஸ்ஸுக்கோ ஷேர் ஆட்டோவுக்கோ காசு எடுக்க வேண்டியது அவர்கள்தான். ஒரு நாள் கூலியை விட்டு வருகிறவருக்கு அந்தப் பணம் சின்னதில்லை. லாரன்ஸ் ரோட்டுக் கடைகளுக்கும் அது அடி. கூட்டம் போன பிறகு அந்தத் தெருவுக்கு எத்தனை விளக்குப் போட்டும் பயன் இருக்காது. உள்ளூர் பேருந்துகள் இப்போதுள்ள இடத்திலேயே இருக்கட்டும். அந்த இடத்தை நல்ல கழிப்பறை, நிழல், பாலூட்டும் அறை, மழைக்கு நனையாத நடைமேடை என்று சரிசெய்யுங்கள். ஊர் நடுவைப் புதுப்பிக்கும் வேலையில் இதைவிட முக்கியமானது எனக்கு வேறொன்று தெரியவில்லை.

லாரன்ஸ் ரோட்டைப் பற்றிக் கடைக்காரர்களுக்கும் நடக்கிறவர்களுக்கும் ஓயாத வாக்குவாதம். நடக்கிறவர் நடைபாதை எங்கே என்று கேட்கிறார். கடைக்காரர் பார்க்கிங் எங்கே என்கிறார். கடைசியில் பழி விழுவது தரையில் சாக்கு விரித்துப் பூவும் பழமும் கீரையும் விற்கிற பெண்கள் மேல். தயவு செய்து அவர்களை அப்புறப்படுத்துவதிலிருந்து வேலையைத் தொடங்காதீர்கள். 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடியும் வரை யாரையும் அகற்றக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாகவே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் குழுவைக் கூட்டி, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் உட்காரலாம் என்று அவர்களோடு பேசி முடிவு செய்தால், நடைபாதையும் கிடைக்கும், அவர்கள் பிழைப்பும் நிற்கும். கடைக்கு முன்னால் படியையும் தகரக் கூரையையும் நீட்டிய கடைக்காரர்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். வணிகர் சங்க அண்ணன்மாருக்கு இது பிடிக்காது என்று தெரிந்துதான் சொல்கிறேன். உங்கள் கடைக்கு வருகிற ஆளுக்குத்தானே அந்த நடைபாதை. மழை நாளில் ரயில்வே சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் ரோட்டின் இரண்டு பக்கமும் துண்டாகிவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மோட்டாரும் அதை இயக்க ஆளும் பருவமழைக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

"பாண்டியைப் பாருங்க" என்று எல்லோரும் சொல்கிறார்கள். பார்த்தால் முழுசாகப் பார்ப்போம். அங்கே கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகள் ஓடுவதில்லை. குழந்தையை இறக்கிவிட்டு நடக்கவிடலாம் என்ற நிம்மதிதான் ஜனங்களை அங்கே இழுக்கிறது. மஞ்சள் சுவரின் அழகெல்லாம் அதற்கு அப்புறம்தான். அதே பாண்டியில் 2014 நவம்பர் 29 அன்று, மழையில் ஊறிய பழைய மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகர மன்றக் கட்டடம், இடிந்து விழுந்தது. பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டி, 2021-ல்தான் திறந்தார்கள். மஞ்சக்குப்பத்தின் பழைய அரசுக் கட்டடங்களும் முதுநகரின் பழைய வணிக வீடுகளும் இதே மழையில்தான் நனைகின்றன. கூரை ஓடுகளையும் சுவர்களையும் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

முதுநகரைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. புதுப்பிப்பு என்றதும் எல்லாத் திட்டமும் புதுநகரோடு நின்றுவிடுகிறது என்ற வருத்தம் அங்கே நெடுநாளாக இருக்கிறது. கடல் வாணிகத்தால் வளர்ந்த பகுதி அது. பக்கத்துத் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ல் ஆங்கிலக் கம்பெனி மராட்டியரிடமிருந்து வாங்கியது. சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்த 1746 முதல் 1752 வரை, தென்னிந்தியாவில் ஆங்கிலக் கம்பெனியின் தலைமையிடமே இங்கேதான் இருந்தது. அந்த வரலாற்றைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இன்னொன்று. 1890-ல் முதுநகரில் பிறந்த அஞ்சலை அம்மாள், 1927-ல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்துக்குத் தன் சின்னஞ்சிறு மகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சிறை சென்றவர். இந்த ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் நடந்த தெரு எது என்று தெரியும்? முதுநகர்க் கடைவீதியின் வடிகாலையும், மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போகும் சாலையையும் முதலில் சரிசெய்துவிட்டு, அந்தத் தெருக்களில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போக ஒரு ஏற்பாடு செய்யுங்கள். மீனவப் பெண்கள் கூடையோடு நிற்கிற இடத்தில் தண்ணீர்க் குழாயும் நிழலும் இருந்தால், அதைப் புதுப்பிப்பு என்று ஊரே ஒத்துக்கொள்ளும்.

கிளம்பிப் போகிறேன் என்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வேலைக்காகப் போவதில் தவறே இல்லை, போய் வாருங்கள். ஆனால் மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் வந்து இறங்கும்போது, நீங்களும் திரும்பி வந்து அந்தக் கூட்டத்தில் நிற்கிறீர்கள். ஊர் மேல் இருக்கிற அந்தப் பிடிப்பை வருஷத்தில் ஒரு நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், உங்கள் வார்டு உறுப்பினரிடம் ஒரு கேள்வி கேட்கவும் பயன்படுத்துங்கள்.

மாமன்றத்துக்கு என் கோரிக்கை இது. 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாடு முழுக்க நகர்ப்புறங்களில் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. அதே சபையை ஊர் நடுவைப் புதுப்பிக்கும் திட்டத்துக்காகவே, திருப்பாதிரிப்புலியூரிலும் மஞ்சக்குப்பத்திலும் முதுநகரிலும் தனித்தனியாகக் கூட்டுங்கள். டெண்டர் விடுவதற்கு முன்பு கூட்டுங்கள். வரைபடம், செலவு, எந்த மாதம் எந்தத் தெருவைத் தோண்டுவீர்கள், எப்போது மூடுவீர்கள் என்பதெல்லாம் தமிழில் அச்சிட்டு ஒரு வாரம் முன்பே வார்டு அலுவலகத்தில் ஒட்டுங்கள். பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய சாலைகளில் ஆண்டுக்கணக்கில் தடுமாறிய ஊர் இது. தேதி தெரியாமல் இன்னொரு பள்ளத்தை இந்த ஜனங்கள் ஏற்க மாட்டார்கள். யார் என்ன சொன்னார்கள், அதில் எது ஏற்கப்பட்டது, எது ஏன் ஏற்கப்படவில்லை என்று எழுதி அதையும் ஒட்டுங்கள். கூட்டத்தைக் காலை 11 மணிக்கு வைத்தால் கடைக்காரர்களும் கூலி வேலைக்காரர்களும் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வையுங்கள். பூ விற்கிறவர்களுக்குச் சாயங்காலம்தான் வியாபாரம், அவர்களுக்காக மட்டும் ஒரு மதியக் கூட்டம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூர்வாசி ஒருவர்