2+ என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள்

மதிப்பிற்குரிய பெத்தாலஜி துறைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவின் மார்பகக் கட்டிக்கான பயாப்சி ரிப்போர்ட் உங்கள் துறையில் இருந்துதான் வந்தது. ஹெர்2 (செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம்): 2+, ஈக்விவோக்கல், அதாவது அதிகமா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலை. அதற்குக் கீழே கையெழுத்து, அவ்வளவுதான். அடுத்து ஃபிஷ் (மரபணுப் பிரதிகளை எண்ணும் சோதனை) செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. கேன்சர் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "இதை வைத்து மருந்து எழுத முடியாதும்மா, ஃபிஷ் எங்கே?" என்று கேட்டபோது பயாப்சி எடுத்து 18 நாள் ஆகியிருந்தது.

கவுண்டரில் வந்து கேட்டேன். பிளாக்கை நீங்களே வெளியில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று கையில் தந்துவிட்டார்கள். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் மெழுகு, மெழுகுக்குள் நூல் துண்டு மாதிரி அம்மாவின் சதை. சித்திரை வெயில், மெழுகு இளகிவிடுமோ என்று பயந்து டிபன் டப்பாவில் ஈரத்துணி போட்டு அதற்குள் வைத்து, ஆறு மணி நேரப் பஸ் பயணம் முழுக்க மடியிலேயே பிடித்துக்கொண்டு போனேன். இது தொலைந்தால் அம்மாவுக்கு மறுபடியும் ஊசி குத்த வேண்டுமே என்பதுதான் வழியெல்லாம் மனதில் ஓடியது.

அந்த ஊர் ஆய்வகத்தில் ஒரு டாக்டர் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். ஒரு ஓரத்தில் நோயில்லாத பால்குழாய், கிட்டத்தட்ட நிறமே ஏறாமல். பக்கத்திலேயே புற்றுச்செல்கள், ஒவ்வொன்றின் விளிம்பையும் சுற்றி மங்கலான பழுப்புக் கோடு, ஈரத்தரையில் போட்ட கோலம் மாதிரி. ஹெர்2 நல்ல செல்லிலும் உண்டு என்றார். குடலில் உண்டு, இதயத் தசையில்கூட உண்டு. ஹெர்2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைப் போடுவதற்கு முன் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுப்பது அதனால்தானாம். ஆக, இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை, எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஸ்லைடில் ஏற்றும் சாயம் அதைச் சொல்ல முடியாமல் நிற்கும் இடம்தான் 2+. அங்கே 17-வது குரோமோசோமில் அந்த மரபணு எத்தனை பிரதி இருக்கிறது என்று ஃபிஷ்ஷில் எண்ணித்தான் பார்க்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தும் ஏன் அங்கேயே நிறுத்தினீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

எண்ணிப் பார்த்ததில் பாசிடிவ். அந்த மரபணுவுக்கும் 17-வது குரோமோசோமுக்கும் உள்ள விகிதம் 2-ஐத் தாண்டியிருந்தது.

இன்னொன்று. பயாப்சியில் எடுத்த திசு, அதைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் அந்தக் கட்டம் காலி. அம்மாவுக்கு பயாப்சி எடுத்தது வெள்ளிக்கிழமை மாலை, திங்கட்கிழமை அரசு விடுமுறை. எத்தனை மணி நேரம் ஊறியது என்று அந்த டாக்டர் கேட்டார், என்னிடம் பதில் இல்லை.

டிராஸ்டுசுமாபுக்கு அமெரிக்காவில் 1998-லேயே அனுமதி கிடைத்துவிட்டது, நம் நாட்டில் தயாரான, அதைப் போன்றே வேலை செய்யும் பயோசிமிலரே 2014-இலிருந்து கிடைக்கிறது. மருந்து கடைவரை வந்துவிட்டது, அது யாருக்கு வேண்டும் என்று சொல்லவேண்டிய தாள்தான் பாதியில் நிற்கிறது. எனக்கு லீவு கிடைத்தது, படித்துப் பார்க்கத் தெரிந்தது, கையில் பஸ் காசும் இருந்தது. அன்று கவுண்டரில் எனக்குப் பின்னால் ஒரு பாட்டி தனியாக நின்றிருந்தார், மஞ்சள் பைக்குள் ரிப்போர்ட்டை நாலாக மடித்து வைத்துக்கொண்டு. அதிலும் 2+ என்று இருந்தால் அவர் எந்தப் பஸ் ஏறுவார், சொல்லுங்கள்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள். கேட்பது இதுதான்: 2+ என்று வந்தால் அங்கேயே நிறுத்தாதீர்கள். ஃபிஷ் வேண்டும் என்று ரிப்போர்ட்டிலேயே எழுதி, பிளாக்கைத் துறையில் இருந்தே அனுப்பிவையுங்கள். ஃபார்மலின் நேரத்தையும் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் வந்த ஒரு நோயாளியின் மகள்