பீமனின் தட்டு பற்றி

அன்புள்ள குண்டூசி,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. சாக்கு சொன்னால் நீ நம்பப் போவதில்லை, அதனால் சொல்லவில்லை. பெரியம்மாவை விசாரித்ததாகச் சொல். அண்ணனை விசாரிக்கவில்லை, காரணம் கீழே வரும்.

உன் கிரேட் டேன் நாய் பீமன், மூட்டுத் தேய்வால் படுத்த இடத்திலிருந்து எழ மூன்று நான்கு தடவை முயல்கிறான் என்று எழுதியிருந்தாய். கூடவே மூட்டுக்கு நல்லது என்று விற்கும் ஏழு டப்பாக்களின் பட்டியல், எதை வாங்கலாம் என்ற கேள்வி. எதையும் வாங்காதே. முதலில் அவனைத் தராசில் ஏற்று. (ஆமாம், தராசுதான். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.)

72 கிலோ, விலா எலும்பை அழுத்தித் தேடினால்தான் தட்டுப்படுகிறது, மேலிருந்து பார்த்தால் இடுப்பே இல்லை என்கிறாய். மருத்துவர்கள் உடல்வாகுக்கு 9 வரை மதிப்பெண் போடுவார்களே, அதில் இது 7. சரியானது 4 அல்லது 5. ஐந்துக்கு மேலே போகும் ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து சதவீதம் கூடுதல் எடை என்று கொள்ளலாம். 72-ஐ 1.2-ஆல் வகுத்தால் 60. அதாவது தேய்ந்த மூட்டுகளின் மேல் 12 கிலோ சும்மா சவாரி செய்கிறது. கொழுப்பு வெறும் சுமையும் அல்ல. வீக்கத்தைத் தூண்டும் பொருள்களை அதுவே சுரக்கிறது. லாப்ரடார் நாய்கள் 48-ஐ ஆயுள் முழுக்கக் கவனித்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு உணவு குறைத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்வும் தாமதமாகவே வந்தது. உன் ஏழு டப்பாவும் சேர்ந்து இதில் பாதி செய்யாது.

இப்போது கால்குலேட்டரை எடு. 60 × 60 × 60 போடு: 216000. வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அழுத்து: 21.56. எழுபதால் பெருக்கினால் 1509. கணக்கில் பூஜ்யம் வாங்கினவளுக்கும் இது வரும். எடை இறங்கும் வரை ஒரு நாளைக்கு அவனுக்கு 1500 கிலோகலோரி. இருக்கிற 72-க்குப் போடாதே, இருக்க வேண்டிய 60-க்குப் போடு.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வழக்கமான உலர் உணவையே மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் புரதமும் வைட்டமினும் கூடவே வெட்டுப்படும். கொழுப்போடு தொடைச் சதையும் கரையும். மூட்டைத் தாங்கிப் பிடிப்பதே அந்தச் சதைதான். அதனால் எடை குறைக்கவென்றே தயாரித்த உணவாக வாங்கு. 1000 கிலோகலோரிக்கு 75 கிராமாவது புரதம் இருக்கட்டும், கூடினால் இன்னும் நல்லது. வயதான நாய்க்குப் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்பது பழைய பேச்சு. சிறுநீரகம் கெட்டிருந்தால் மட்டும் கதை வேறு, ஆகவே இரத்தப் பரிசோதனையை முதலில் முடித்துவிடு. புது உணவுக்கு மாற 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்.

அந்த உணவு 100 கிராமுக்கு 300 கிலோகலோரி என்றால், மீன் எண்ணெய்க்கு (அது கீழே வரும்) 100, தின்பண்டத்துக்கு 100 கழித்து மீதி 1300-க்கு சுமார் 430 கிராம். கிண்ணத்தால் அளக்காதே, நிறுத்துப் போடு. ஒரே கிண்ணத்தை நீ ஒரு மாதிரி நிரப்புவாய், அண்ணன் கோபுரமாக நிரப்புவார். மேஜைக்கு அடியில் அவர் நழுவவிடும் பிஸ்கட்டும் கணக்கில் வரும் என்று அவரிடம் சொல். காலையில் அன்றைய பங்கை ஒரு டப்பாவில் எடுத்து வை. யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

வாரம் 700 கிராம் இறங்கினால் சரியான வேகம். இரண்டு வாரமாக, வாரத்துக்கு 350 கிராமைக்கூடத் தொடவில்லையென்றால் உணவில் பத்து சதவீதம் குறை, வாரத்துக்கு 1.4 கிலோவைத் தாண்டி இறங்கினால் கூட்டு. 60 வரை காத்திருக்க வேண்டாம், நாலரை கிலோ போனாலே நடையில் வித்தியாசம் தெரிய வாய்ப்புண்டு. தொடைச் சுற்றளவையும் மாதம் ஒரு தடவை நாடாவால் எடுத்துவை.

உன் பட்டியலில் உருப்படி ஒன்றுதான், மீன் எண்ணெய். அதிலும் நீ எழுதிய அளவு கொசுக்கடி. வேலை செய்வது அதிலுள்ள ஈபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்புகள்தான். 60 கிலோ நாய்க்கு இரண்டும் சேர்ந்து தினம் 6,700 மில்லிகிராம் அளவு வேண்டும், 8,000-ஐத் தாண்டக் கூடாது. சாதாரண 1000 மில்லிகிராம் மாத்திரையில் இவை 300-தான். அப்படியானால் 22 மாத்திரை! அதிலேயே 200 கிலோகலோரி போய்விடும். செறிவு கூடிய திரவ எண்ணெயை வாங்கி, லேபிளில் எண்ணெயின் எடையைப் பார்க்காமல் ஈபிஏ, டிஹெச்ஏ அளவைக் கூட்டிப் பார். உணவிலேயே கொஞ்சம் இருந்தால் கழித்துக்கொள். கால் பங்கில் தொடங்கி நான்கு வாரத்தில் முழு அளவுக்கு ஏற்று. மலம் இளகினால் ஒரு படி இறங்கு. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். குளிர்பெட்டியில் வை, காறல் வாடை அடித்தால் கொட்டிவிடு. கணைய அழற்சி வந்த நாய்க்கு இது ஆகாது. அறுவை சிகிச்சை ஏதாவது வந்தால் இந்த எண்ணெய் கொடுப்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல், இரத்தம் உறைவதை இது பாதிக்கலாம். காட் மீனின் ஈரல் எண்ணெய் இதற்கு மாற்றல்ல. இந்த அளவுக்கு அதைக் கொடுத்தால் வைட்டமின் ஏ, டி நஞ்சாகும். ஆளிவிதை எண்ணெயை ஈபிஏ ஆக்கும் திறன் நாயின் உடலில் மிகக் குறைவு.

மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமைன், காண்ட்ராய்டின்? 2022-இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு, ஒமேகா-3 உதவுகிறது, இவை இரண்டும் உதவவில்லை என்றது. கால்சியம் வேண்டவே வேண்டாம். தேய்வது குருத்தெலும்பு, அதற்கும் கால்சியக் குறைவுக்கும் சம்பந்தமில்லை. முழுமையான உணவில் தேவையானது ஏற்கெனவே இருக்கிறது. வலி மாத்திரை மருத்துவர் நாய்க்கென்று எழுதியது மட்டும். மனிதர்களுக்கான இபுப்ரோஃபென், பாராசிட்டமால் பக்கம் போகவே போகாதே.

கிண்ணத்தை ஸ்டூல் மேல் வைத்திருப்பதாகப் பெருமையாக எழுதியிருந்தாய். உயர்த்தி வைத்த கிண்ணத்தில் சாப்பிடும் பெரிய, ராட்சத இன நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து கூடுவதாக 2000-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. கிரேட் டேன்தான் இதில் முதல் வரிசை. கழுத்தைக் குனிய முடியாத நாய்க்கு வேண்டுமானால் மருத்துவரிடம் கேட்டுக் கொஞ்சம் உயர்த்தலாம்; பீமனுக்குக் கழுத்து நன்றாகத்தானே இருக்கிறது, தரையிலேயே வை. உணவை மூன்று வேளையாகப் பிரி, விழுங்கும் வேகத்தைக் குறைக்கும் மேடுபள்ளக் கிண்ணம் வாங்கு, சாப்பிட்டதும் ஓடவிடாதே. வாந்தி எடுக்கப் பார்த்து ஒன்றும் வராமல், வயிறு பறை மாதிரி விறைத்தால் காலை வரை காத்திராதே. அந்த நிமிடமே கிளம்பு.

இவ்வளவும் எழுதிவிட்டு உன் கடிதத்தை மறுபடி புரட்டினால், ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி. இடது முன்னங்காலை மட்டும் தூக்கி வைக்கிறான், மணிக்கட்டுக்குச் சற்று மேலே புடைப்பு மாதிரி இருக்கிறது. ஏண்டி, இதையா ஓரத்தில் எழுதுவாய்? மூட்டுத் தேய்வு பெரும்பாலும் காலையில் விறைப்பாக இருந்து நடக்க நடக்கத் தளரும். ஒரே காலில் வலி, எலும்பின் மேல் புடைப்பு என்றால் கணக்கு வேறு. 7 வயது கிரேட் டேனுக்கு அந்த இடத்தில் எலும்புப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வேறு ஏதாகவும் இருக்கலாம். ஆனால் அதை எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் சொல்ல முடியும். அந்தக் காலைத் தேய்க்காதே, அமுக்காதே, படி ஏற விடாதே. பலவீனமான எலும்பு சட்டென்று முறியும். நாளைக்கே கூட்டிப் போ. எண்ணெய், தராசு எல்லாம் அப்புறம்.

படத்தில் என்ன தெரிந்தது என்று அன்றைக்கே எழுது. நான் இந்தத் தடவை இரண்டு மாதம் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உன்
ஒட்டடைக்குச்சி