கோடைரா சான், அந்த ஒரு விரலுக்காக

அன்புள்ள நாவோ கோடைரா அவர்களுக்கு,

வணக்கம். 2018 பிப்ரவரி 18 அன்று இரவு, தென்கொரியாவின் காங்னுங் அரங்கில், குளிர்கால ஒலிம்பிக்கின் ஸ்பீட் ஸ்கேட்டிங் (ஐஸில் சறுக்கி ஓடும் பந்தயம்) போட்டியில் நீங்கள் செய்த ஒரு காரியத்துக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் இருந்தது. தங்கப் பதக்கத்தைச் சொல்லவில்லை. உங்களிடம் தோற்று அழுதுகொண்டிருந்த கொரிய வீராங்கனை லீ சாங் ஹ்வாவை அணைத்துக்கொண்டீர்களே, அதையும் சொல்லவில்லை. அந்தப் படம் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குச் சற்று முன்னால், உங்கள் ஓட்டத்தை முடித்துவிட்டு வளைவில் மெதுவாகச் சறுக்கிக்கொண்டு வரும்போது, உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தீர்கள். இந்தக் கடிதம் அந்த விரலுக்குத்தான்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். ஐஸ் மேல் ஒரு நாளும் நின்றதில்லை. ஆனால் ஸ்டார்ட்டிங் லைன் எனக்குத் தெரியும். பதினாறு வயதில் அதன் பின்னால் குந்தியிருக்கிறேன், இப்போது இருபது வருஷமாகப் பிள்ளைகளைக் குந்த வைத்துக்கொண்டிருக்கிறேன். 'செட்' என்று சொன்னதும் இடுப்பு உயரும். விரல் பத்தும் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி மண்ணில் பதியும். பின்கழுத்தில் ஒரு நரம்பு துடிப்பதைப் பக்கத்தில் நின்றால் பார்க்கலாம். கிளாப்பர் சத்தம் வரும்வரை அந்தப் பிள்ளைக்குக் கண் இல்லை, மூக்கு இல்லை, காது மட்டும்தான். ஒரு மாவட்டப் போட்டியின் இறுதி ஓட்டத்தில் அந்த நேரம் பார்த்துக் கூட்டத்திலிருந்து யாரோ விசிலடித்தார்கள். நான் எழும்பி ஓடிவிட்டேன். ஏழெட்டு அடி போன பிறகுதான் பக்கத்தில் யாரும் வரவில்லை என்று தெரிந்தது. அன்று என்னை வெளியே நிறுத்தினார்கள். மற்ற பெண்கள் ஓடி முடித்ததை மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்தேன். விசிலடித்தவருக்கு அது ஒரு உற்சாகம், அவ்வளவுதான். எனக்கு அந்த வருஷமே போயிற்று.

அதனால்தான் உங்கள் விரலைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

உங்கள் விளையாட்டு தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். பெண்கள் ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் மிகக் குறைந்த ஒலிம்பிக் தூரம் 500 மீட்டர். ஓவல் தடத்தின் சுற்றளவு 400 மீட்டர். முதலில் 100 மீட்டர் நேராக, பிறகு முழுசாக ஒரு சுற்று. ஒரு நேரத்தில் இரண்டே பேர்தான் தடத்தில் இருப்பார்கள், ஒருவர் உள் லேனில், ஒருவர் வெளி லேனில். எதிர்ப்பக்க நேர்கோட்டில் இருவரும் லேன் மாறிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் வருகிறவளை முந்தினால் மட்டும் போதாது. எல்லா ஜோடிகளும் ஓடி முடித்த பிறகு யாருடைய நேரம் குறைவோ அவருக்குத்தான் தங்கம். அதாவது, ஓடி முடித்தவர் தன் நேரத்தைப் பலகையில் வைத்துவிட்டு, அடுத்து வருகிறவர்கள் அதை உடைக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நம் ஊர் ஓட்டப் பந்தயத்தில் இந்தச் சித்திரவதை கிடையாது.

'ரெடி' என்று ஸ்டார்ட்டர் சொன்னதும் அப்படியே சிலையாக உறைய வேண்டும். ஒரு வினாடியோ அதற்குச் சற்று மேலோ கழித்துத் துப்பாக்கி வெடிக்கும். மெல்லிய இரும்புப் பட்டையின் மேல், வழுக்குகிற ஐஸில், முன்பக்கம் சாய்ந்தபடி அசையாமல் நிற்பதை நினைத்தாலே எனக்குக் கணுக்கால் வலிக்கிறது. அந்த ஜோடியில் ஒரு முறை யாராவது முந்திக் கிளம்பினால், அடுத்த முறை கிளம்புகிறவர் யாராக இருந்தாலும் வெளியே போக வேண்டியதுதான். 37 வினாடிப் பந்தயத்தில் பாதி, காதுக்கும் காலுக்கும் நடுவிலேயே முடிந்துவிடுகிறது.

அன்று நீங்கள் 14ஆவது ஜோடி. 36.94 வினாடி. ஒலிம்பிக்கில் ஒரு பெண் 37 வினாடிக்குள் வந்தது அதுதான் முதல் முறை. பழைய ஒலிம்பிக் சாதனை 37.28, நான்கு வருஷத்துக்கு முன் சோச்சியில் லீ சாங் ஹ்வா வைத்தது. ஜப்பானியக் கொடி பிடித்து வந்திருந்த ரசிகர்கள் கத்தினார்கள், கத்தாமல் எப்படி இருப்பார்கள்? அடுத்த ஜோடியில் நிற்கப் போகிறவர் அதே லீ சாங் ஹ்வா. வான்கூவர் 2010, சோச்சி 2014 என்று இரண்டு ஒலிம்பிக்கில் தொடர்ந்து இதே 500 மீட்டர் தங்கத்தை வென்றவர். மூன்றாவதையும் எடுத்தால் அமெரிக்காவின் போனி பிளேர் 1988, 1992, 1994இல் செய்ததைத் தொட்டுவிடுவார். சொந்த மண், சொந்த மக்கள், நாடு முழுக்க டி.வி. முன்னால். உலக சாதனையும் அவருடையதுதான், 36.36.

அப்போதுதான் நீங்கள் அந்தப் பக்கத்துக் கூட்டத்தைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தீர்கள். அமைதியாக இருங்கள், அடுத்து ஓடப்போகிறாள்.

கோடைரா சான், இந்த இடத்தில்தான் நான் எல்லோரோடும் சண்டை போடுவேன். அணைத்துக்கொண்டதைத்தான் எல்லோரும் எழுதினார்கள். அது அழகுதான், நானும் பார்த்து அழுதேன். ஆனால் அணைத்துக்கொண்டபோது தங்கம் உங்கள் கையில் இருந்தது. விரலை வைத்தபோது இல்லை. உங்களைத் தோற்கடிக்கக்கூடிய ஒரே ஆள் கோட்டில் வந்து நிற்கிறார், அவருக்கு அந்த ஒரு வினாடி நிசப்தம் முழுசாகக் கிடைக்க வேண்டும் என்று நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். வான்கூவரில் 500 மீட்டரில் 12ஆவது இடம், சோச்சியில் ஐந்தாவது, இப்போது வயது 31. இத்தனைக்கும் பிறகு கைக்கெட்டும் தூரத்தில் வந்த ஒன்றை, அவள் நன்றாக ஓடி எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவைக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

அவரும் சும்மா விடவில்லை. முதல் 100 மீட்டரை 10.20இல் கடந்தார். நீங்கள் 10.26. அந்த இடத்தில் உங்களுக்கு நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! வெளி லேனில் தொடங்கியவர் என்பதால் கடைசி வளைவு அவருக்கு உள்வளைவு. ஆரம் 25, 26 மீட்டர்தான். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் நுழையும்போது இடது தோள் ஐஸை உரசிவிடும் போலத் தாழ்கிறது. அந்த வளைவில் ஒரு சின்னத் தடுமாற்றம். 37.33. வெண்கலம் வென்ற செக் நாட்டின் கரோலினா எர்பனோவா 37.34. ஒரு நூறில் ஒரு பங்கு வினாடி என்றால் அந்த வேகத்தில் ஏறக்குறைய பதினான்கு சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. உங்களுக்கும் லீக்கும் நடுவே இருந்தது ஐந்து மீட்டர் சொச்சம்.

அவர் கொரியக் கொடியோடு அழுதுகொண்டே சுற்றி வந்தார். ஜப்பானியக் கொடியோடு நீங்கள் காத்திருந்து, கையை நீட்டினீர்கள். அவர் தோளில் சாய்ந்தார். அவருடைய மொழியிலேயே 'சால் ஹெஸ்ஸொ' என்று சொன்னீர்களாம். நல்லா செஞ்சே. இன்னமும் உன்னை மதிக்கிறேன் என்றும் சொன்னீர்களாம்.

மறுநாள் இரண்டு நாடுகளின் பகையைப் பற்றி நிறைய எழுதினார்கள். 1910 முதல் 1945 வரை ஜப்பான் கொரியாவை ஆண்ட கதை, அந்தப் புண் இன்னும் ஆறாத கதை. அது எனக்கும் தெரியும், அதைச் சிறிதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் இருவரும் அன்று திடீரென்று இரண்டு நாடுகளைச் சேர்த்துவைக்கக் கிளம்பியவர்கள் இல்லை. உங்களுக்குள் அதற்கு வெகு முன்பே பழக்கம் இருந்தது. நீங்களே சொன்ன அந்த டாக்ஸி விஷயம் போதும். 2014இல் சியோலில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 500 மீட்டரை நீங்கள் ஜெயித்தீர்கள். உடனே நெதர்லாந்துக்கு விமானம் பிடிக்க வேண்டும். சொந்த ஊரில் உங்களிடம் தோற்ற லீ, விமான நிலையம் போக டாக்ஸி வரவழைத்து, வாடகையையும் தானே கொடுத்து அனுப்பிவைத்தார். தோற்ற வருத்தம் இருந்திருக்கும், ஆனாலும் செய்தாள் என்று நீங்கள் சொன்னதை வாசித்தபோது, காங்னுங்கில் நீட்டிய கை எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

நெதர்லாந்து என்றதும் இன்னொன்று. நீங்கள் நாகானோ மாநிலத்துச் சீனோ ஊர்க்காரர். 1998இல் குளிர்கால ஒலிம்பிக் உங்கள் மாநிலத்துக்கே வந்தபோது உங்களுக்கு வயது 11. அந்த நாகானோ ஐஸில் 1000 மீட்டரிலும் 1500 மீட்டரிலும் தங்கம் வென்றவர் நெதர்லாந்தின் மரியன்னே டிம்மர். சோச்சியில் தோற்ற பிறகு அவரிடமே போய் மாணவியாகச் சேர்ந்தீர்கள், பாஷை தெரியாத ஊரில். முதுகைக் கோபம் கொண்ட பூனை மாதிரி வைத்துக்கொள் என்று அவர் சொல்லிக்கொடுத்தாராம். என் பிள்ளைகளிடம் பிளாக்கில் குந்தும்போது எதைச் சொன்னால் உடம்பு சட்டென்று புரிந்துகொள்ளும் என்று தேடிக்கொண்டே இருப்பேன். "முதுகை நாற்பது டிகிரி" என்றால் எந்தப் பிள்ளைக்கும் புரியாது. பூனை என்றால் புரியும். எங்கள் பள்ளிச் சுவரில் தினமும் ஒரு பூனை அப்படி நிற்கிறது.

படிப்பு முடிந்து, பணம் போட ஆள் இல்லாமல் நின்ற காலத்தில் உங்களை வேலைக்கு எடுத்துக்கொண்டது ஒரு மருத்துவமனை, மட்சுமோட்டோவில் இருக்கிற அய்சாவா மருத்துவமனை. ஒலிம்பிக் தங்கம் வெல்லும் ஒரு பெண்ணுக்குப் பின்னால் பெரிய கம்பெனி ஏதாவது இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இருந்தது ஒரு ஆஸ்பத்திரி. பயிற்சிக்குக் காசில்லாமல் பாதியில் நின்றுபோன எத்தனையோ பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காக அந்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு கும்பிடு.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக் பற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ஜனவரியில் பனியில் வழுக்கிக் கணுக்கால் சுளுக்கியதை வெளியே சொல்லாமலேயே கோட்டில் நின்றீர்கள். 38.09, 17ஆவது இடம். அமெரிக்காவின் எரின் ஜாக்சன் 37.04இல் தங்கம் வென்றார். அன்று கொரியத் தொலைக்காட்சியில் வர்ணனையாளராக உட்கார்ந்திருந்தவர் லீ சாங் ஹ்வா. உங்கள் ஓட்டத்தைப் பார்த்து அவர் அழுதார். நான்கு வருஷத்துக்கு முன் நீங்கள் துடைத்த கண்ணீர், இந்த முறை உங்களுக்காக வந்தது.

ஒரு கணக்கு மட்டும் தீரவே இல்லை, அது எனக்குப் பிடித்திருக்கிறது. லீயை நீங்கள் தோற்கடித்தீர்கள், லீயின் 36.36ஐ உங்களால் உடைக்க முடியவில்லை. 2013 நவம்பர் 16இல், அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் அவர் வைத்தது. கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே, காற்று மெலிந்து, எதிர்ப்பு குறைந்த இடம் அது. 2019 மார்ச்சில் அதே ஐஸில் நீங்கள் 36.47 வரை வந்தீர்கள். லீயின் நேரத்தைத் தொட இன்னும் நூறில் பதினொரு பங்கு வினாடி பாக்கி. இரண்டு மாதம் கழித்து, முழங்கால் இனிமேல் ஒத்துழைக்காது என்று லீ ஓய்வு பெற்றார், சாதனை மட்டும் நின்றது. 2025 நவம்பர் 16, அதே அரங்கு, பன்னிரண்டு வருஷம் கழித்து அதே தேதி, நெதர்லாந்தின் ஃபெம்கே கோக் 36.09 ஓடினார். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்காகச் சந்தோஷப்பட்டேன். கூடவே, இரண்டு பேருக்கு நடுவே இருந்த ஏதோ ஒன்றை யாரோ எடுத்துப்போன மாதிரியும் இருந்தது.

2022 அக்டோபரில் நாகானோவின் எம்-வேவ் அரங்கில் கடைசியாக ஒரு முறை 500 மீட்டர் ஓடி, ஜெயித்து, ஸ்கேட்டைக் கழற்றினீர்கள். 11 வயதில் ஒலிம்பிக் வந்து போன அதே ஐஸ்.

அடுத்த மாதம் எங்களுக்கு மண்டலப் போட்டி. ஸ்டார்ட்டர் வேலை இந்த முறையும் எனக்குத்தான். நாலாவது லேனில் ஓடப்போகிற என் பிள்ளைக்குத் தோழிகள் அதிகம், கோட்டில் உட்காரும் வரைக்கும் பேரைச் சொல்லிக் கத்துவார்கள். போன வாரம் வகுப்பில் அவர்களுக்கு உங்கள் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். ஓட்டத்தை ஒரு தடவைதான் காட்டினேன், விரலை வைத்த இடத்தை மூன்று தடவை.

தோற்றவளிடம் அவள் மொழியில் பேசினீர்கள். உங்கள் மொழியில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம், உழைத்து முடித்து எழுந்திருப்பவரிடம் உங்கள் ஊரில் சொல்வது. உச்சரிப்பு தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

ஒட்சுகரேசமா தெஷ்தா, கோடைரா சான்.

அன்புடன்,
ஒரு பி.டி. டீச்சர்