சேர்க்கைப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதித் தந்தவர்களுக்கு

அக்காமாருக்கும் அண்ணாச்சிமாருக்கும், உதவிய மற்ற அனைவருக்கும் வணக்கமும் ஸ்தோத்திரமும்.

மூன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை நான் வளர்ந்த திருச்சபைக் குழந்தைகள் இல்லத்தின் வரலாற்றை எழுதி முடித்து, கைப்பிரதியைச் சென்ற மாதம் அச்சகத்தில் ஒப்படைத்துவிட்டேன். அங்கே வளர்ந்ததைச் சொந்தப் பிள்ளைகளிடம் கூடச் சொல்லாதவர்கள் நம்மில் இருப்பதால், நூலைப் போலவே இம்மடலிலும் இல்லத்தின் பெயரையோ உங்கள் பெயர்களையோ நான் எழுதவில்லை. உரியவர்கள் தங்களை அறிந்துகொள்வார்கள்.

பழைய மிஷன் அறிக்கைகளைப் பொறுமையோடு எடுத்துத் தந்த ஆவணக் காப்பக ஊழியருக்கு முதல் நன்றி. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் திருநெல்வேலிச் சீமையின் மிஷன் பங்களாக்களில் வந்து சேர்ந்த பிள்ளைகளிடமிருந்துதான் நம் பகுதி இல்லங்கள் பலவற்றின் கதை தொடங்குகிறது என்பதை அந்தத் தாள்களை வாசித்த பிறகே உணர்ந்தேன். நாசரேத்தில் மிஷனரிக் குருவானவரான கானன் மர்காஷிஸ் அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்ததும், 1878இல் அங்கே கைத்தொழில் பள்ளி உருவானதும் அந்தக் காலத்தவை. 1901இல் கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமியை மிஷனரி ஏமி கார்மைக்கேல் ஏற்றுக்கொண்டதிலிருந்து வளர்ந்த டோனாவூர் இல்லத்தில், பராமரித்தவர்களைப் பிள்ளைகள் சித்தி என்றும் அக்காள் என்றும் அண்ணாச்சி என்றும் அழைத்தார்கள். நம் இல்லத்திலும் அப்படித்தான் அழைத்தோம். இந்த மடலை நான் தொடங்கிய விதமும் அந்தப் பழக்கம்தான்.

ஆனால் இந்த நூலை நூலாக்கியது காப்பகத்துத் தாள்கள் அல்ல, சேர்க்கைப் பதிவேடுதான். செல்லரித்த அந்த நீளப் புத்தகத்தில் பெயர், வயது, ஊர், தகப்பன் பெயர், ஞானஸ்நானத் தேதி, சிபாரிசு செய்த குருவானவர் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு. தாயின் பெயருக்குக் கட்டமே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் 'ஆதரவற்ற பிள்ளை' என்றே எழுதியிருந்தது. அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தாய் உயிரோடு இருந்தாள் என்றும், அவள் பீடி சுற்றியோ கூலிக்குக் களை பறித்தோ மாதம் ஒருமுறை முறுக்குப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றாள் என்றும் சொன்னவர், முப்பது வருஷம் நம் சமையல்கூடத்தில் உழைத்த பாட்டிதான். மூன்று நாள் என்னோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொல்லிக் கேட்டு, "இவ அம்மா பேரு எனக்குத் தெரியுமே" என்று அவர் சொல்லச் சொல்ல, நகலெடுத்த பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் குறித்தேன். அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

வெளிநாட்டு ஸ்பான்சருக்கு எழுதிய கிறிஸ்துமஸ் கடிதங்களின் நகல்களைப் பெட்டியில் பாதுகாத்து வைத்திருந்த அக்காளுக்கும் நன்றி. வார்டன் கரும்பலகையில் எழுதிப்போட்டதை அப்படியே பார்த்து எழுதினோம் என்பது எனக்கு நினைவிருந்தது. எல்லாக் கடிதத்திலும் ஒரே வாக்கியத்தில் நாம் தாயற்றவர்களாகியிருந்தோம் என்பதை அந்த நகல்களைப் பார்த்துத்தான் கண்டேன். தலைக்கு இவ்வளவு என்று பணம் வந்த காலத்தில், ஏழைத் தாயின் பிள்ளை என்று எழுதுவதைவிட அநாதை என்று எழுதுவது எளிதாக இருந்திருக்கிறது. நமக்குச் சோறும் படிப்பும் தந்த கைகளை இதற்காக நான் தூற்றவில்லை. ஆனாலும் அது பொய்தான்.

கைப்பிரதியைப் படித்துச் சிவப்பு மையால் கண்டித்த குழந்தை நலப் பணியாளருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இல்லங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கி, குழந்தையை நிறுவனத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று சொல்லும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தை, நம் இல்லத்தை மூடவைத்த வில்லனைப் போல நான் எழுதியிருந்தேன். "தாய் இருக்கும் பிள்ளையைத் தாயிடம் அனுப்புவது உங்களுக்கு ஏன் இழப்பாகத் தெரிகிறது?" என்று ஓரத்தில் அவர் கேட்டிருந்தார். அந்த அத்தியாயத்தை முழுவதும் திருத்தி எழுதினேன்.

அச்சடிக்கத் தொடங்கும் முன் இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. பின்னிணைப்பில் தாயின் பெயருக்கென்று ஒரு கட்டத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் சேர்த்திருக்கிறோம்; அதில் பல இடங்கள் இன்னும் வெறுமையாக இருக்கின்றன. தெரிந்தவர்கள் ஊரோடு சேர்த்துச் சொல்லியனுப்பினால், முகவரி கேட்காமல், பெயரை மட்டும் சேர்த்துக்கொள்வேன்.

நன்றியுடன்,
உங்களோடு ஒரே பந்தியில் உண்டு வளர்ந்தவன்