மேனன் போனார், நேரு இருந்தார்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கண்ணுக்கு ஓய்வு கொடு என்று டாக்டர் சொல்லியும் நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். உன்னைத் திருத்த முடியாது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்திக்குத் தஞ்சாவூரிலேயே வேலை கிடைத்துவிட்டது.

போர் என்று வந்துவிட்டால் ஜனங்கள் தலைவன் பின்னால் திரண்டு நிற்பார்கள் என்று அடித்துச் சொல்கிறாய். நம் பள்ளிக்கூட நாட்களில் நடந்த 1962 சீனப் போரை நினைத்துப் பார். நின்றார்கள், உண்மைதான். அண்ணாவே திராவிட நாடு கோரிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டுப் போர் முயற்சிக்கு ஆதரவாக மேடை ஏறினார். என் அம்மா காதுத் தோட்டைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்துவிட்டு, வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அதற்கு முன்பே நேருவின் கையைக் கட்டிப்போட்டிருந்ததும் இதே மக்கள்தான். சீனாவோடு நடந்த கடிதப் போக்குவரத்தை 1959இல் வெள்ளை அறிக்கையாக அவரே நாடாளுமன்றத்தில் வைத்தார். அதோடு எல்லைத் தகராறு நாட்டின் மானப் பிரச்சினையாகிவிட்டது. 1960 ஏப்ரலில் சீனப் பிரதமர் சௌ என்லாய் டெல்லிக்கு வந்து நாள்கணக்கில் பேசினார். விட்டுக்கொடுத்தால் சபை சும்மா விடாது என்பது நேருவுக்குத் தெரியும். பேச்சு முறிந்தது. 1962 அக்டோபர் 12 அன்று இலங்கைக்குப் புறப்படும்போது நிருபர்கள் கேட்க, நம் மண்ணிலிருந்து சீனர்களை அகற்றும்படி ராணுவத்துக்கு உத்தரவிட்டிருப்பதாகச் சொல்லிவிட்டார். அகற்ற வேண்டியவர்களோ பருத்தி உடையும் கேன்வாஸ் ஷூவுமாக இமயமலைக் குளிரில் நின்றிருந்தார்கள். எட்டாம் நாள் சீனப்படை பாய்ந்தது.

பிறகு பழிபோட ஆள் தேடினார்கள். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அதே ஆண்டுத் தொடக்கத்தில்தான் தேர்தலில் வட பம்பாயில் எதிரணித் தலைவர் கிருபளானியைத் தோற்கடித்திருந்தார். அக்டோபர் கடைசியில் அவரிடமிருந்து பாதுகாப்புத் துறையைப் பறித்து, பாதுகாப்பு உற்பத்தியைக் கொடுத்துக் காப்பாற்றப் பார்த்தார் நேரு. காங்கிரஸ்காரர்களே ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு வாரத்தில் மேனன் வெளியே. அவருடைய திமிரும் தளபதிகளின் பதவி உயர்வில் தலையிட்டதும் குற்றம்தான். ஆனால் காவல் நிலைகளை முன்னே முன்னே தள்ளிக்கொண்டு போன கொள்கை அவர் ஒருவருடையது அல்ல. நேருவைத் தண்டிக்க மனம் வராததால் மேனனைத் தண்டித்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தயவும் நீடிக்கவில்லை. 1963 இடைத்தேர்தல்களில் நேருவை எதிர்த்து வந்த கிருபளானி, லோகியா, மசானி மூவரும் ஜெயித்தார்கள். ஆகஸ்டில் கிருபளானி கொண்டுவந்ததுதான் மக்களவையின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். தோற்றது, ஆனால் நேரு உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது.

ஒன்றுக்கு மட்டும் நேருவுக்குக் கும்பிடு போடுவேன். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, வாஜ்பாய் முதலியோர் கேட்டபடி, 1962 நவம்பர் 8 அன்று நாடாளுமன்றத்தைக் கூட்டினார். ரகசியக் கூட்டமாக நடத்தலாமே என்ற யோசனையை ஏற்கவில்லை. திட்டு வாங்கப்போவது தெரிந்தே கதவைத் திறந்து வைத்தார். உன் கட்சிக்காரர்களில் யாராவது இன்று அதைச் செய்வார்களா, சொல்.

சாஸ்திரியைப் பற்றி நீ எழுதியதற்கு அடுத்த கடிதத்தில் பதில். அவருடைய தாஷ்கண்ட் ஒப்பந்தத்தை ஆரம்பித்தால் இன்றைய தபாலைத் தவறவிட்டுவிடுவேன். சொட்டு மருந்தை விடாமல் போடு.

அன்புடன்,
ராமு