பத்து ரூபாய் நாணயமும் பாக்கிச் சில்லறையும்: ஒரு விளக்க மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு எங்கள் ராயபுரம் கடைக்கு வந்த ஓர் அம்மா, கால் லிட்டர் நல்லெண்ணெயும் கால் கிலோ புளியும் கேட்டு, பதினைந்து பத்து ரூபாய் நாணயங்களை ஐந்தைந்தாக அடுக்கி வைத்தார். கல்லாவில் இருந்த எங்கள் பையன், ரூபாய்க் குறி இல்லாதவை செல்லாது என்று சொல்லி அவற்றில் ஆறைத் தள்ளிவிட்டதால், அவர் மறுபேச்சின்றிப் புளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எண்ணெயோடு போய்விட்டார். விவரம் தெரிந்த மறுநாளே அவரிடம் நேரில் வருத்தம் தெரிவித்தோம். ஊரில் உலவும் பேச்சைத்தான் பையன் சொன்னான். அதைத் திருத்தாமல் விட்ட தவறு எங்களுடையது.

ரூபாய்க்கெனத் தனிக் குறி 2010-ஆம் ஆண்டில்தான் ஏற்கப்பட்டது; அதற்கு முன் அச்சான பத்து ரூபாய் நாணயத்தில் அது எப்படி இருக்கும்? நாணயத்தில் உள்ள கதிர்க்கோடுகள் பத்தா, பதினைந்தா என்று எண்ணிப் பார்ப்பதும் வீண் வேலையே. பல்வேறு காலங்களில் வெளியான பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவுபடுத்திவிட்டது. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களை ஆயிரம் ரூபாய் வரையிலும், ஐம்பது காசு நாணயத்தைப் பத்து ரூபாய் வரையிலும் கொடுக்கலாம். செல்லாமல் போனவை இருபத்தைந்து காசும் அதற்குக் கீழ் உள்ளவையும்தான். அவற்றின் காலம் 2011 ஜூன் 30-உடன் முடிந்தது.

காசைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் நம் பகுதிக்குப் புதியதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் நாணயச் சாலை இருந்ததால்தான் தங்கசாலைத் தெருவுக்கு அப்பெயர் வந்தது. எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு நட்சத்திர வராகன் என்னும் பொற்காசு, அந்த வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று ஒரே சந்தையில் மூன்று வகைக் கணக்கு நடந்த ஊர் இது. 1818-இல் சென்னை மாகாணத்துக்கு ரூபாயே அடிப்படை நாணயமானது. 1835-இல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. (நாம் இன்றும் சொல்லும் 'துட்டு', பழவேற்காட்டில் கோட்டை கட்டியிருந்த டச்சுக்காரர்களின் செப்புக் காசுப் பெயரிலிருந்து வந்ததென்பார்கள்.)

பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்ததை, 1957 ஏப்ரல் 1 முதல் நூறு நயா பைசா ஒரு ரூபாய் என மாற்றியபோது எழுந்த சிக்கலைப் பாட்டனார் அடிக்கடி சொல்வார். நாலணாவுக்கு இருபத்தைந்து பைசா சரியாகப் பொருந்தியது; ஓரணாவுக்கோ ஆறேகால் வந்தது. கால் பைசாவுக்கு நாணயம் இல்லாததால் ஓரணாவை ஆறு பைசாவாகவும் மூன்றணாவைப் பத்தொன்பதாகவும் கொண்டார்கள். ஓரணாவுக்கு நாலு தடவை வெல்லம் வாங்கியவர் இருபத்து நாலு பைசா கொடுத்தார். நாலணா வெல்லத்தை ஒரே தடவையில் வாங்கியவரோ இருபத்தைந்து பைசா கொடுக்க நேர்ந்தது. அந்த ஒரு பைசாவுக்காகக் கடைவாசலில் நடந்த வழக்குகள் கொஞ்சமல்ல என்பார். 'நயா' என்ற அடைமொழி 1964-இல் போயிற்று. நாலணா, எட்டணா என்னும் பேச்சு மட்டும் இன்னும் போகவில்லை.

அந்த வழக்கு இன்று மிட்டாய் வடிவில் வந்திருக்கிறது. பாக்கி ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் தரவேண்டிய இடத்தில் மிட்டாயை நீட்டுவதை நாங்களும் சில ஆண்டுகளாகச் செய்துவந்தோம். அதே மிட்டாயைத் திருப்பிக் கொடுத்து உப்பு கேட்டால் நாங்கள் வாங்கியிருப்போமா? வரும் முதல் தேதியிலிருந்து இந்த வழக்கத்தை நிறுத்துகிறோம். எங்களிடம் சில்லறை இல்லாவிட்டால் அந்தத் தொகையை நாங்களே விட்டுக்கொடுப்போம். 47 ரூபாய் 50 காசு என்று வரும் ரசீதை 48 ஆக உயர்த்தாமல் 47 ஆகவே முடிப்போம். கைப்பேசியில் செலுத்துவோருக்கு இத்தொல்லை இல்லை. ஆயினும் விடியற்காலையில் மீன் எடுத்துக் கூறுகட்டி விற்பவர்கள் பலருக்கு இன்னும் ரொக்கந்தான் தொழில்.

உப்புநீரில் ஊறி, செதில் ஒட்டி வரும் நோட்டுகளைத் தராசுத் தட்டில் பரப்பி மின்விசிறியில் காயவைப்பது எங்களுக்குப் பழகிப்போன வேலை. அவற்றைத் தயங்காமல் கொடுக்கலாம். பாதி கிழிந்துபோன நோட்டை மட்டும் வங்கிக் கிளையில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டுகிறோம். இருபது ரூபாய் வரையிலான நோட்டு, ஒரே துண்டில் பாதிக்கு மேல் இருந்தால் முழு மதிப்பும் கிடைக்கும். ஐம்பதும் அதற்கு மேற்பட்டதும் எண்பது விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் முழு மதிப்பும், நாற்பது முதல் எண்பது வரை இருந்தால் பாதி மதிப்பும் கிடைக்கும்.

வீட்டில் டப்பாவில் சேர்ந்துகிடக்கும் நாணயங்களைக் கொண்டுவந்தால், எந்தப் பொருளும் வாங்காவிட்டாலும், கழிவு ஏதுமின்றி நோட்டாக மாற்றித் தருகிறோம். கூட்டம் குறைந்திருக்கும் பிற்பகல் மூன்று முதல் ஐந்து மணிக்குள் வந்தால், உங்கள் முன்னிலையிலேயே எண்ணித் தர வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்,
ராயபுரம், சென்னை.